குமிழி இல்லாத பாட்டு

சுவிட்சை அணைக்கக் குனிந்தவளின் கையைத் தம்பி பிடித்தான்.

“வேணாம்க்கா. ஓடட்டும்.”

“யாருக்கு ஓடட்டும்?”

கட்டிலில் அப்பா கிடந்தார். விடியும்போதே போய்விட்ட மனிதருக்கு ஆக்சிஜன் மெஷின் இன்னும் காற்று கொடுத்துக்கொண்டிருந்தது. மூக்கில் குழாய் அப்படியே இருந்தது. முட்டி உயரப் பெட்டி அது. காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவன் மாதிரி தம்பி அதன் தலையில் ஒரு கையை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். வாசலில் சொந்தக்காரர்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே வர ஒருவருக்கும் தைரியமில்லை. அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்வரை அந்த வேலையை மிச்சம் வைத்திருந்தார்கள். கசப்பான காரியம் எது வந்தாலும் படித்த பெண்ணின் தலையில் கட்டிவிட வேண்டியது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கினவளுக்கு இதெல்லாம் கூடவே கிடைக்கும்.

பெட்டியின் முகப்பில், காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பிளாஸ்டிக் திருகி; அதற்கு மேலே ஒரு கண்ணாடிக் குழாய். அதற்குள் பட்டாணி அளவில் ஒரு குண்டு, காற்று எவ்வளவு போகிறதென்று காட்டியபடி மிதந்தது. ‘2’ என்ற கோட்டில் நின்றது. பக்கத்தில் செருகியிருந்த தண்ணீர் பாட்டிலில் குமிழிகள் சோம்பலாக ஏறின. அவள் கையை உதறிக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள். குண்டு விழுந்தது. மெஷின் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

தம்பி எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

அப்புறம் எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து அப்பாவை முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்குவதற்கு அவ்வளவு பேர் தேவையே இல்லை. கார் பட்டறையில் பெயிண்ட் அடித்தே தேய்ந்த உடம்பு. கடைசி வருஷத்தில் பாதியாகியிருந்தது. நகக்கண்ணில் மட்டும் ஏதோ ஒரு காரின் சிவப்பு மிச்சமிருந்தது.

அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே கதையைச் சொன்னாள். அழவில்லை. ஏதோ திருட்டுக் குற்றத்துக்கு விளக்கம் சொல்வது போல இருந்தது.

“நேத்துதாண்டி நல்லாத் தூங்குனேன். டாக்டர் அஞ்சுல வைக்கச் சொன்னதுலேருந்து அந்த பாட்டில் கொதிக்கிற கொதிக்கு எவளால தூங்க முடியும்? பக்கத்து ரூம்ல படுத்தாலும் உலை கொதிக்கிற மாதிரியே இருக்கும். இவனும் கிடார மூட்டை கட்டிட்டு குடோன் ஷிஃப்டுக்குப் போயிட்டானா, நேத்து சத்தமே இல்ல. அசந்துட்டேன். எந்திரிச்சுப் போய் காப்பி வேணுமான்னு கேக்குறேன், மனுஷன் பேசல.”

அஞ்சு. அந்தச் சொல் அவள் காதில் எங்கோ மாட்டிக்கொண்டு நின்றது. அவள் வேலையே அப்படிப்பட்டதுதான். கால் சென்டரில் பதிவான பேச்சுகளைத் திரும்பக் கேட்டு மதிப்பெண் போடுகிற வேலை. வாடிக்கையாளர் எங்கே குரலை உயர்த்தினார், ஊழியர் எங்கே உச்சுக்கொட்டினார், பின்னால் யார் சிரித்தது, எல்லாம் அவளுக்குக் கேட்கும். அப்பாவிடம் பேசியதில் மட்டும் எதுவும் கேட்டதில்லை. “நல்லாருக்கேன்மா, நீ சாப்ட்டியா, வச்சுரட்டுமா” என்பார். அவ்வளவுதான். குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, மெஷின் சத்தம் கேட்காத சமையலறைக்கு வந்து நின்று, ஒரே மூச்சில் அதைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார் என்று இன்றைக்குத்தான் அம்மா சொன்னாள்.

பட்டறை முதலாளி மாலையோடு வந்தார். போட்டுவிட்டு, கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் நின்றார்.

“உங்கப்பா அடிச்ச பெயிண்ட்ல மொகம் பாத்து தலை சீவலாம்மா. அப்படி ஒரு ஃபினிஷிங்.”

“தெரியும் சார். நீங்க சீவிக்கிட்டுத்தானே இருந்தீங்க.”

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. “இந்த மாதிரி மூச்சு போகும்னு அப்பல்லாம் யாருக்கும்மா தெரியும்? ஈரத்துணி கட்டிக்கிட்டா போதும்னு இருந்தோம்.”

“பெயிண்ட் தூள் படும்னு உங்க காருக்கு மட்டும் கவர் போட்டு வைப்பீங்களே. அது எப்படித் தெரிஞ்சுது?”

“ஏய்,” என்றார் சித்தப்பா, “சாவு வீட்ல பேசுற பேச்சா இது?”

“வேற எந்த வீட்ல பேசுறது சித்தப்பா? இவரு வீட்டுக்குள்ள நம்மள விடமாட்டாரு.”

முதலாளி செருப்பைத் தேடினார். அவளுக்கு ஆத்திரம் கொஞ்சமும் அடங்கவில்லை. அடுத்த ஆளைத் தேடிக்கொண்டு பின்வாசல் படிக்கட்டுக்குப் போனாள்.

தம்பி படியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் எலும்பும் தோலுமாக ஒரு பெண். பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறவள். தம்பியின் பாட்டு பேண்டில் தாளம் போடுகிறவள் அவள்தான். ‘குண்டூசி’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். இவர்கள் இரண்டு பேர்தான் மொத்தப் பேண்டும். பெயர் ‘தொடாதே’. பெயிண்ட் காயும்வரை காரில் தொங்கவிடுகிற பலகையைப் பட்டறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். தம்பி பாட்டுகளை அக்காவுக்குப் பலமுறை அனுப்பியிருக்கிறான். பகல் முழுக்கக் காதில் ஹெட்ஃபோனை மாட்டி வைத்திருப்பவள் வீட்டுக்கு வந்து எதையும் கேட்கமாட்டாள். ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.

“மூச்சு விட முடியாம ஒரு மனுஷன் கெடக்குறாரு. பக்கத்துல உக்காந்து கச்சேரி பண்ணிருக்க. வெக்கமா இல்ல உனக்கு?”

“அவருதாங்க்கா கூப்பிடுவாரு. அந்த மெஷின் சத்தம் மண்டைய ஒடைக்குதுடா, கூட ஏதாச்சும் வாசிங்கடாம்பாரு.”

“சொன்னா வாசிச்சிருவியா? நீ என்ன டாக்டரா?”

“நேத்து ரெக்கார்டிங்ல ஒரு டேக் வந்துச்சு...” என்று ஆரம்பித்து, அவன் நிறுத்திக்கொண்டான்.

“அப்பா செத்த அன்னிக்கு டேக்கப் பத்திப் பேசுற பாரு. நீயெல்லாம்...”

குண்டூசி தன் ஹெட்ஃபோனை எடுத்து அவள் கையில் வைத்தாள். “திட்டுங்கக்கா. தாராளமாத் திட்டுங்க. கேட்டுட்டுத் திட்டுங்க. வரிசையா வச்சிருக்கேன்.”

தம்பி எழுந்து போய்விட்டான். அவள் படியில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டாள். கேட்டுவிட்டுத் திட்டினால் இன்னும் சரியாகத் திட்டலாம்.

முதல் பாட்டு பட்டறையில் விடுமுறை நாளில் எடுத்தது. தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி கிடார், டின்களின் மேல் விழுகிற அடி. தம்பி “தொடாதே, தொடாதே” என்று தொண்டை கிழியக் கத்தினான். ஊரிலிருக்கிற எல்லாப் பேண்டும் போடுகிற கூச்சல்தான். அவள் உதட்டைச் சுழித்தாள். முடிவில் அப்பாவின் சிரிப்பு வந்தது. “போதும்டா டேய், சுவத்துப் பெயிண்ட்டெல்லாம் உரிஞ்சிரும்!” நெஞ்சு நிறையக் காற்று இருக்கிற மனிதனின் சிரிப்பு.

அடுத்ததில் கத்தல் இல்லை. அடியில் ஒரு ரீங்காரம் ஓடியது. அது மெஷின் என்று புரிய அவளுக்கு நேரமாகவில்லை. அதன் சுருதி எந்த ஸ்வரத்திலும் சரியாக உட்காரவில்லை, இரண்டு ஸ்வரத்துக்கு நடுவில் தொங்கியது. அதோடு சேரும்படி கிடாரின் தந்திகளைத் தளர்த்தி வைத்திருந்தார்கள். டின்களைக் காணோம். பதிலாக ஏதோ உரசல், மழைக்கு முன்னால் காய்ந்த இலை நகர்கிற மாதிரி.

“உப்புத்தாள்,” என்றாள் குண்டூசி, அவள் முகத்தைப் பார்த்து. “ரெண்டு தாள ஒண்ணோட ஒண்ணு தேய்ப்பேன். அப்பா குடுத்தது.”

பாட்டுக்கு நடுவிலேயே அப்பா பேசினார். “எண்பதாம் நம்பர் தாளு... வேணாம்மா. தொண்ட கட்டுன மாதிரி... இருக்கு. நானூறு... போடு.” ஒரு வாக்கியத்துக்கு மூன்று இடத்தில் மூச்சு வாங்கினார்.

இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

பாட்டுகள் போகப் போக மெலிந்துகொண்டே வந்தன. ஒன்றில் வார்த்தைகள் போய்விட்டன. இன்னொன்றில் கிடார் பாதி நேரம் சும்மா இருந்தது. மெஷின் ‘தொம்’மென்று மூச்சு மாற்றுகிற இடத்தில் மட்டும் ஒரு தந்தியைத் தொட்டார்கள். இதை இசை என்று சொல்லலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த மாதிரி எதையும் அவள் எங்கேயும் கேட்டதில்லை. அம்மாவும் அப்பாவும் தம்பியும் சேர்ந்து போனில் மறைத்த வருஷம் முழுவதும் வரிசையாக அதற்குள் இருந்தது. “நல்லாருக்கேன்மா” எந்தப் பாட்டின்போது சொன்னது, எதன்போது மாடிப்படி ஏறமுடியாமல் போனது, இப்போது அவளால் சொல்லிவிட முடியும்.

கடைசியில் நேற்று மாலை எடுத்தது வந்தது.

தண்ணீர் பாட்டில் கொதித்தது. குமிழிச் சத்தம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் கிடார் எங்கோ மூழ்கிக் கிடந்தது. “இன்னிக்கும் போச்சு,” என்று தம்பி முணுமுணுத்தான். இருந்தாலும் வாசித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கட்டில் முனகியது. பிளாஸ்டிக்கில் ஒரு நகம் உரசியது. குமிழிகள் குறைந்தன. இன்னும் குறைந்தன. ஒன்று, பிறகு ஒன்று என்று ஆனது.

அதற்குப் பிறகு பாட்டு திறந்துகொண்டது. ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக, துடைத்து வைத்தது போல நின்றது. ரீங்காரமும் தந்தியும் ஒன்றாகிவிட்டன. உப்புத்தாளின் உரசல் எது, அப்பாவின் மூச்சு எது என்று பிரிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் அவளுக்குப் பிரிந்து கேட்டது. உரசல் ஒரே சீராகப் போனது, மற்றது குட்டையாகிக்கொண்டே போனது.

பாட்டு நன்றாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“வந்துச்சாடா?” என்றார் அப்பா கடைசியில்.

“வந்துருச்சுப்பா! வந்துருச்சு!” தம்பியும் குண்டூசியும் சேர்ந்து கத்தினார்கள். பதிவு நின்றது.

அவள் பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். கட்டில். நகம். குமிழி. முடிவு வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். குறைத்ததைத் திரும்பத் திருகி ஏற்றுகிற சத்தம் எங்கும் இல்லை. ரெண்டு என்ற கோட்டில் நின்ற குண்டு அவள் கண்முன்னால் மிதந்தது. நேற்று நன்றாகத் தூங்கிய அம்மா முன்னறையில் இன்னும் யாருக்கோ அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எப்படிக்கா இருக்கு?”

தம்பி திரும்பி வந்து கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தான். முகம் வீங்கியிருந்தது. அதிலும் ஒரு ஓரத்தில், பரீட்சைத் தாளைக் காட்டுகிற பிள்ளையின் முகம்.

“அந்தக் கொதி சத்தம் எத்தன நாளா எங்களச் சாவடிச்சிட்டு இருந்துச்சு தெரியுமா? நேத்து மைக்க அப்பா தலகாணிக்கு அடியில தள்ளி வச்சேன். ரெண்டு பேரும் கண்ண மூடிட்டு வாசிச்சோம். என்னமோ தானா அடங்கிருச்சு. மைக் வைக்குற எடத்துலதான்க்கா எல்லாம் இருக்கு.”

காலையிலிருந்து ஆள் தேடி அலைந்த ஆத்திரம் எல்லாம் அவள் வாய்க்குள் நிறைந்து நின்றது. ஒரு வார்த்தை போதும். இவன் வாழ்நாள் முழுக்க எழுந்திருக்கமாட்டான்.

“நல்லாருக்குடா,” என்றாள்.

“நெஜமாவா?”

“ம்.”

உள்ளேயிருந்து சித்தப்பா கூப்பிட்டார். “தம்பி, மெஷின்காரர் வந்திருக்காரு பாரு. வாடகைப் பொருளாம், எடுத்துட்டுப் போகணுமாம்.”

மெஷின்காரர் வாசலில் சங்கடமாக நின்றார். “தப்பா நெனைக்காதீங்க. இன்னொரு வீட்ல கேட்டிருக்காங்க, அவசரம். ஒரு தடவ போட்டு ஓடுதா, எத்தனைல இருக்குன்னு மட்டும் பாத்துட்டு எடுத்துக்கிறேன்.”

“வாங்க, நான் காட்டுறேன்,” என்று தம்பி முன்னால் நடந்தான்.

அவள் ஹெட்ஃபோனைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்தாள். சமையலறை வழியாகப் போனால் உள்ளறைக்குக் குறுக்குவழி. யார் காலையோ மிதித்தாள், யாரோ “பாத்துப் போ புள்ள” என்றார்கள். அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் மெஷின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். திருகியைக் கண்டுபிடித்து, போகிறவரை திருகினாள். சுவிட்சையும் அவளே தட்டினாள்.

பெட்டி அதிர்ந்து கிளம்பியது. குண்டு துள்ளி அஞ்சுக்கு ஏறியது. பாட்டில் பொங்கிக் கொதித்தது.

முன்னறையில் பேச்சு நின்றுபோனது. அம்மாவின் குரல் மட்டும் வந்தது. “யாரு மெஷினப் போட்டது? குழா மாட்டலையேடா அவருக்கு. யாராச்சும் குழாய எடுத்துட்டு வாங்களேன்.”

“அஞ்சு. கரெக்டா இருக்கு,” என்றார் மெஷின்காரர்.

தம்பி தலையைச் சாய்த்து, ரெக்கார்டிங்கின்போது கேட்பது மாதிரி கேட்டான். காலையில் சோம்பலாகக் குமிழி விட்ட இந்தப் பெட்டியின்மேல் கை வைத்து அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தவன். அவன் கண் பாட்டிலுக்குப் போனது. அங்கிருந்து, திருகியை விட்டு இன்னும் எடுக்காத அவள் கைக்கு வந்தது.

மெஷின்காரர் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

குமிழிகள் உடனே நிற்கவில்லை. ஒவ்வொன்றாக ஏறி வந்து உடைந்தன. பிறகு ஒன்று. அதற்குப் பிறகு பாட்டிலில் தண்ணீர் மட்டும் இருந்தது.