மேஸ்திரி போட்ட கோடு

பயணச்சீட்டு விற்கும் அந்தக் கம்பெனியில் லோட் பேலன்சர் என்கிற புரோகிராமுக்கு மேஸ்திரி என்று பெயர். யார் வைத்த பெயரோ, பொருத்தமான பெயர். சீட்டு கேட்டு வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, நீ இந்த சர்வருக்குப் போ, நீ அந்த சர்வருக்குப் போ என்று தோளுக்குத் தோள் சுமையைப் பிரித்து விடுவதுதான் அவன் வேலை. தான் ஒரு மூட்டையும் தூக்கமாட்டான்.

மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டவள் அண்ணி. பின்னால் சுமக்கிற சர்வர்களைப் பார்த்துக்கொண்டவன் அவள் கொழுந்தன். ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே ஆபீஸ். அவன் வாய் ஓயாமல் கூப்பிட்டதில் ஆபீசுக்கே அவள் அண்ணி ஆகிவிட்டாள்.

கொஞ்ச நாளாகப் புகார். சீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனால் அடுத்த பக்கம் திறப்பதில்லையாம். பழி கொழுந்தன் தலையில் விழுந்தது. மத்தியானக் கூட்டத்தில் சர்வர்களை அவன் கையிலிருந்து பிடுங்கி வேறு ஆளிடம் கொடுக்கப்போகிறார்கள் என்பது காலையிலேயே எல்லோர் காதுக்கும் வந்துவிட்டது.

அதற்கு ஆதாரம் அண்ணி அமைத்த திரை. வந்த ஒவ்வொருவனுக்கும் மேஸ்திரி ஒரு வரி எழுதுவான்: எப்போது வந்தான், எந்த சர்வரிடம் போனான், பதில் வர எத்தனை நொடி ஆயிற்று. அந்த வரிகள்தான் லாக். லாகை அள்ளிக்கொண்டு வர ஒரு புரோகிராம். அள்ளியதைத் துண்டு துண்டாகப் பிரித்துத் திரையில் காட்ட ஒரு விதி. இரண்டையும் எழுதி வைத்தவள் அவள்தான். திரையில் வாசல் பச்சையாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் உள்ளே போயிருக்கிறார்கள். அப்படியென்றால் கோளாறு உள்ளே.

"என்ன அண்ணி, உங்க மேஸ்திரி இப்படிப் பொய் சொல்றான்?" கொழுந்தன் நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்தான்.

"அவன் எதுக்குப் பொய் சொல்றான்? அவன் என்ன உங்க அண்ணனா?"

"அதுவும் சரிதான். ஆனா என் சர்வருங்க ஈ ஓட்டிட்டு இருக்கு அண்ணி. வேலையே வரலைங்கறேன், வேலை செய்யலைன்னு திட்டறாங்க."

"தினமும் இதையே பாடு."

"இனிமே பாடத்தான் நேரம் இருக்கும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கையில் கொண்டுவந்த டீயைக் குடிக்காமல் அவள் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனான்.

அந்த டீ அண்ணியை உறுத்தியது. திரையை மூடிவிட்டு, மேஸ்திரி எழுதிய ஃபைலையே திறந்தாள். அதை யாரும் கண்ணால் படிப்பதில்லை. படிக்கத்தானே விதி எழுதியது. அவள் படித்தாள். வரிக்கு வரி ஒரே மாதிரி. கண் சொருகியது. ஓரிடத்தில், நொடிக்கணக்கு இருக்க வேண்டிய இடத்தில், எண் இல்லை. ஒரு சின்னக் கோடு. கீழே போகப் போகக் கூட்டம் கூட்டமாகக் கோடுகள்.

கோடு என்றால் அனுப்ப ஆள் இல்லை என்று அர்த்தம். வந்தவனை யாரிடமும் விடாமல் மேஸ்திரி வாசலோடு திருப்பிவிட்டான். எங்கேயும் போகாதவனுக்கு எத்தனை நொடி என்று எழுதுவது? கோடு போட்டான்.

அவன் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறான். அவள் விதிதான், அந்த இடத்தில் எண் மட்டுமே இருக்க வேண்டும் என்றது. பொருந்தாத வரியை என்ன செய்ய என்று புரோகிராம் கேட்ட இடத்தில், சேர்த்து வைத்தால் இடத்தை அடைக்குமே என்று, 'தூக்கிப் போடு' என்று அவள் வைத்திருந்தாள். கெட்டுப்போன வரிகளை மட்டும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தைக் காட்டி எல்லாம் நலம் என்றது திரை.

ஏன் ஆள் இல்லாமல் போயிற்று? அதுவும் அவள் பக்கம்தான். சர்வர்களைப் பார்த்து மேஸ்திரி அடிக்கடி "இருக்கியா?" என்று கேட்பான். பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை அவள் ரொம்பவும் இறுக்கி வைத்திருந்தாள். சர்வர் வாயைத் திறந்து "இருக்கேன்" என்பதற்குள், செத்துவிட்டது என்று ஒதுக்கிவிடுவான்.

விதியை அப்படியே விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கொழுந்தன் போவான், அவளுக்கு நல்ல பெயர். அண்ணி கொஞ்ச நேரம் மேசையில் விரலைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, எண் அல்லது கோடு என்று விதியை மாற்றினாள். 'தூக்கிப் போடு' என்பதை அழித்து, 'தனியாக வை' என்று மாற்றினாள். பழைய லாகை மறுபடி ஓட்டவிட்டாள். பச்சை வாசலில் சிவப்பு மளமளவென்று ஏறியது.

கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து வரைக்கும் இது இல்லையேம்மா?"

"நேத்தும் இருந்தது சார். நம்பர் இல்லைன்னு நான்தான் தள்ளிவிட்டிருக்கேன்."

"அப்ப சர்வர்ல பிரச்சினை இல்ல?"

"இல்ல சார். வாசல்லதான்."

அவர் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. வந்த பழியை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டிய ஆள். சர்வர்களைக் கொழுந்தனிடமே விட்டுவிட்டு, மேஸ்திரியை அண்ணியிடமிருந்து வாங்கினார். வாங்கியதை யார் தலையில் கட்டுவது என்று சுற்றிலும் பார்த்தார்.

"நீதானே ஆரம்பத்துலேர்ந்து வாசல் பொய் சொல்லுதுன்னே? இதையும் நீயே பாரு" என்று கொழுந்தனிடம் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்.

"அண்ணி, அந்த 'இருக்கியா' நேரம் எவ்வளவு வெச்சா சரியா வரும்?"

"என்னை ஏன் கேக்கற? மேஸ்திரி இப்ப உன் ஆளு."

"கோவிச்சுக்கிட்டீங்க."

"கோவமெல்லாம் இல்ல. தூக்கம் வருது."

ஜன்னலில் தலையைச் சாய்த்தாள். கொஞ்சம் கழித்து, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "கொஞ்சம் தாராளமா வை. ரொம்பவும் விட்டுடாத. அப்புறம் நெஜமாவே செத்ததுக்கும் ஆள் அனுப்பிட்டு இருப்பான்."

வீட்டில் அவள் கணவன் கதவைத் திறந்தான். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன, இன்னிக்கு ஆபீஸ்ல என்ன ஆச்சு?"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கோடு" என்றாள்.