கறுப்புக் கண்ணாடி விளக்கு

பாதரச விளக்கு சூடேறும்வரை இருட்டறையில் சும்மா நிற்க வேண்டும். அஜீஸாவுக்கு அது ஆகாது. "கல்யாணப் பொண்ண இருட்டுக்குள்ள அடைக்கிறதுக்கா மூணு வருசம் படிச்ச?" என்றாள்.

காரைக்குடியில் அவர்கள் தெருவிலேயே பி.எஸ்ஸி. முடித்த பெண் ஆபிதா ஒருத்திதான். தங்கை படிக்கட்டும் என்று அக்கா அஜீஸா ஐந்தாம் வகுப்போடு நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். வரும் வெள்ளிக்கிழமை அவளுக்கு நிக்காஹ். போவதற்குள் நீ படித்ததை ஒரு தடவை காட்டு என்று கேட்டிருந்தாள். ஆள் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து, தான் வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிவந்திருந்தாள் ஆபிதா.

"பாதரச அணுவுக்குள்ள எலக்ட்ரான் இருக்கு லாத்தா. கரண்டு அடிச்சா மேல ஏறும். அங்க தங்க முடியாது, விழும். விழுறப்ப வாங்குனத வெளிச்சமாத் திருப்பிக் குடுத்துரும். அதுல கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். இந்தக் கறுப்புக் கண்ணாடி அத மட்டுந்தான் வெளிய விடும்."

"தெரியாத வெளிச்சத்துல என்னத்தடி பாக்குறது?"

"அது மேல பட்டா, மத்ததெல்லாம் தெரியும். வெளக்கையே பாக்காத, இங்குட்டு திரும்பு."

குவினைன் மாத்திரை கரைத்த தண்ணீர் நீலமாக எரிந்தது. அஜீஸா சிரித்தாள், பல்லும் ஒளிர்ந்தது. குனிந்ததில் முக்காடு நழுவியது. இடது காதுக்குக் கீழே, சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் இரண்டு வெள்ளைத் திட்டுகள்.

ஆபிதா குண்டு பல்பைப் போட்டாள். மாநிறக் கழுத்து, ஒன்றுமே இல்லை. பல்பை அணைத்தாள். திட்டுகள் இருந்தன. தோல் வெளுக்கப்போவதை, வெறுங்கண்ணுக்குத் தெரியும் முன்பே இந்த வெளிச்சம் காட்டிவிடும் என்று பேராசிரியை சொல்லியிருந்தார்.

அத்தாவின் தங்கை, அவர்களுக்கு அத்தை முறையான குப்பி, அப்படி வெளுத்தவள்தான். புருசன் கொண்டுவந்து விட்டுப்போன பிறகு வாசலைத் தாண்டாமலே செத்தாள். அதைக் கேள்விப்பட்டுத்தான் கோட்டையூர் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அஜீஸாவின் கையைத் திருப்பி, கழுத்தைத் தடவி, சந்தையில் மாடு பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கே அவர்கள் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

ஆபிதா மேசையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். அஜீஸா வெகுநேரம் பார்த்தாள்.

"குப்பிக்கு வந்ததா?"

"அப்படித்தான் தெரியுது. தொத்தாது, உசுருக்கும் ஒண்ணுமில்ல. முன்னாடியே சொல்லிருவோம் லாத்தா. தெரிஞ்சே கட்டட்டும்."

"கட்ட மாட்டாக."

"அப்ப அவன் என்ன மனுசன்?"

"அவரு மனுசனா இல்லையான்னு உனக்குத் தெரியணும். எனக்கு வெள்ளிக்கிழம நிக்காஹ் நடக்கணும். ஊரு கண்ணுல படுறப்ப எம் மடியில ஒரு புள்ள இருக்கும். வெளக்க அணை."

ஆபிதா நகரவில்லை. சொன்னால் அக்கா வீட்டோடு கிடப்பாள். சொல்லாவிட்டால் கட்டியவன் ஒருநாள் கொண்டுவந்து விட்டுப்போவான். இந்த எழவைக் காட்டவா இவளைக் கூட்டிவந்தோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அஜீஸாவே எட்டி ஸ்விட்சைத் தட்டினாள்.



"சவுக்காரமாக்கூட இருக்கும்" என்றாள் அஜீஸா. "தலைக்குக் குளிச்சுட்டுத்தான வந்தேன். இன்னொரு தடவ போடு, தொடச்சுட்டுப் பாப்பம்."

ஆபிதா ஸ்விட்சைப் போட்டாள். எரியவில்லை.

"சூடு ஆறுனாத்தான் மறுபடி பத்தும், லாத்தா."

"ஆறட்டும்."

முந்தானையால் கழுத்தைத் தேய்க்கும் சத்தம் இருட்டுக்குள் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.