கிளாசுக்குப் போகாத இங்கிலீஷ்

என் மகள் ரூபாவதியைப் பெண் பார்க்கக் கும்மிடிப்பூண்டிக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு லண்டனில் வேலை. அவருடைய மாமா எத்திராசு, காபித் தம்ளரை எடுத்ததுமே அவளை இங்கிலீஷில் பேசச் சொன்னார். சிப்காட்டில் பம்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலை செய்பவள், தடுமாறாமல் பேசினாள்.

எத்திராசு சிரித்தார். "இன்னா சம்பந்தி, கம்பெனி இங்கிலீஷா கீதே. லண்டன்ல எடுபடாது. ஆறு மாசம் கிளாசுக்கு அனுப்புங்க, அப்பால தட்டு மாத்திக்கலாம்."

மாப்பிள்ளை காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். என் குடும்பத்துப் பெண்ணுக்கு என் கூடத்திலேயே பரீட்சை.

"கானாவுல, நைஜீரியாவுல மார்க்கெட்லயே இங்கிலீஷ் பேசறாங்க. அவங்க தெனம் இவகிட்ட பேசித்தான் பம்பு வாங்கறாங்க. ஒருத்தரும் கிளாசுக்குப் போன்னு சொல்லல," என்றேன்.

"லண்டனும் கானாவும் ஒண்ணா?"

ரூபாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர்கள் கொண்டுவந்த பூ, பழத் தட்டை எடுத்து எத்திராசு கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

அப்போது அவள் போன் அடித்தது. கானாவிலிருந்து. அவர்கள் செருப்பு மாட்டி முடிக்கும்வரை வாசலில் நின்று சத்தமாகப் பேசினாள், சிரித்தாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. பக்கத்திலேயே நிமிர்ந்து நின்றேன்.