எதெல்வினா வாங்க மறுத்த பென்ஷன்

கேஸ் தீர்ந்துபோன அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. சிலிண்டர்காரனுக்குக் கொடுக்க எதெல்வினாவின் பர்ஸில் ஒன்றுமில்லை. மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் பாக்கி ஏறிக் கிடந்தது. தம்பி மகள் சுல்மா கேட்டதற்கு அவள் நிதானமாகச் சொன்னாள்:

"நான் என்னடி பண்ணட்டும்? மாசா மாசம் போய் நிக்கிறேன். கேஷியர் வந்தாத்தானே?"

எதெல்வினா பொய் சொல்கிறவள் அல்ல. எங்கள் ஊரான ஹுவான் லகாசேயில் அவளைத் தெரியாதவர் கிடையாது. கம்பளி மில்லில் தறி ஓட்டியவள். சங்கத்தில் பெண்களுக்காகப் பேசியவள். வேலைநிறுத்தத்தில் அவள் பீப்பாய் மேல் ஏறி நின்று வாயைத் திறந்தால் முதலாளி வீட்டு நாய்கூடக் குரைப்பதை நிறுத்தும் என்று என் அம்மா சொல்வாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாயில்லாத சுல்மாவை எடுத்து வளர்த்து ஆளாக்கினாள். இப்போது சுல்மா பேக்கரியில் வேலை பார்க்கிறாள். எங்கள் பக்கத்து வீட்டில் அத்தையோடுதான் இருக்கிறாள்.

பென்ஷன் பட்டுவாடா செய்யும் கடையில் சுல்மா விசாரித்தாள்.

"உங்க அத்தை இந்தப் பக்கம் வந்தே பல மாசம் ஆச்சே. வாங்க ஆளில்லாம பணம் திரும்பிப் போச்சு. இப்ப நிறுத்தியே வச்சிட்டாங்க."

அப்படியானால் மாதம் தவறாமல் அத்தை எங்கே போய் நின்றாள்? அடுத்த முதல் தேதியன்று சுல்மா பின்னாலேயே போய்ப் பார்த்தாள். எதெல்வினா உதட்டுச் சாயம் பூசி, கோட்டு மாட்டிக்கொண்டு, நதியோரச் சாலையில் நடந்து, எப்போதோ மூடிப்போன மில்லின் இரும்புக் கதவுக்கு எதிரில் நின்றாள். அவளுக்கு முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓரடி முன்னால் நகர்ந்தாள், முன்னால் நின்றவள் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டதுபோல.

அங்கிருந்த காவலாளி சொன்னான்: "எப்பவும் வர்றாங்கம்மா. உள்ள யாருமே இல்லன்னு சொன்னா என்னைத் திட்டுறாங்க. சரின்னு ஒரு நாற்காலியப் போட்டு வச்சிருக்கேன். உக்காரவும் மாட்டேங்கறாங்க."

சுல்மா அத்தையைப் பென்ஷன் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனாள். குமாஸ்தா நல்ல பையன். ஒரு தாளை நீட்டி, "இதுல கையெழுத்துப் போடுங்கம்மா, பென்ஷன் மறுபடி வந்துடும்" என்றான்.

"பென்ஷனா? நான் வேலைய விட்டேன்னு உன்கிட்ட எவன் சொன்னான்?" எதெல்வினாவின் குரல் பழையபடி ஏறியது. "இன்னிக்கு நான் இதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு என் தறியில பாதிக் கூலிக்கு ஒருத்திய நிறுத்துவீங்க. தெரியாதா உங்க வேலை? போ, உன் மேனேஜரை வரச் சொல்லு!"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு பெரியவர் கைகூடத் தட்டினார். சுல்மாவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள்; பாதியில் அழுகை வந்துவிட்டது.

"அவங்க போடணும்" என்றான் குமாஸ்தா, தலையைக் குனிந்துகொண்டு. "இல்லாட்டி, அவங்களால இனி முடியாதுன்னு நீதிபதி எழுதி உங்களை கார்டியனாப் போடணும். எனக்கு வேற வழி தெரியலக்கா."

மனுப் போட்டுக் காத்திருந்தார்கள். சுல்மாவின் சம்பளம் மருந்துக்கும் கேஸுக்குமே போய்விட, குளிர்காலம் முழுக்கப் பேக்கரியில் மிஞ்சிய ரொட்டிதான் சாப்பாடு. அதிலும் சுல்மா, "நான் அங்கயே சாப்பிட்டேன் அத்தை" என்று தன் பங்கையும் தள்ளி வைப்பாள்.

நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய நாளில், இன்றைக்கு மட்டும் அத்தைக்கு எதுவும் நினைவு வரக்கூடாது என்று சுல்மா வேண்டிக்கொண்டாள். ஆனால் அன்று பார்த்து எதெல்வினா தெளிவாக எழுந்தாள். தானே மாத்தே டீ போட்டு உறிஞ்சியபடி, "ஏன்டி இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்று கேட்டாள்.

நீதிபதி நடுவயதுப் பெண். ஊர், கிழமை, பெயர் எல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. பிறகு, "உங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு தெரியுமாம்மா?" என்றாள்.

எதெல்வினா திரும்பித் தம்பி மகளைப் பார்த்தாள். சுல்மாவால் நிமிர முடியவில்லை.

"எனக்குப் புத்தி இல்லன்னு சொல்ல வந்திருக்கா. அதானே?"

"வேண்டாம் அத்தை. எந்திரிங்க, வீட்டுக்குப் போயிடலாம். இன்னொரு வேலை பாத்தாவது நான் பாத்துக்கறேன்."

"சும்மா இரு. பேச்சுவார்த்தை நடக்கறப்ப பாதியில எந்திரிச்சுப் போகக் கூடாது." நீதிபதி பக்கம் திரும்பினாள். "எழுதிக்கோங்கம்மா. சில நாள் நான் இருக்கேன், சில நாள் இல்ல. எனக்கே தெரியுது. இல்லாத நாளைக்கு இவ கையெழுத்துப் போடட்டும். இருக்கற நாளைக்கு நானே போட்டுக்கறேன்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அப்படிப் பாதியா எழுத எனக்கு வழியில்லம்மா. எழுதினா எல்லாத்துக்கும் சேத்துத்தான்."

எதெல்வினா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வேலைநிறுத்தத்தில் போலீஸ் குதிரைகளுக்கு முன்னால் அசையாமல் நின்றவள். இப்போது அந்த விளிம்பை விடவில்லை.

"அப்ப எல்லாத்துக்கும் எழுதிடுங்க" என்றாள். "இவ பட்டினி கிடக்கா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கா."

திரும்பும்போது பஸ்ஸில் சுல்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். விழித்தபோது தோளிலிருந்து விலகி உட்கார்ந்து, "மன்னிச்சுக்கம்மா, யாருன்னு தெரியாம சாஞ்சிட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் முழுசாகத் திரும்பி வரவே இல்லை. தெளிவாக இருந்த கடைசி நாளை இதற்கா செலவழிக்க வைத்தேன் என்று சுல்மா என் அம்மாவிடம் எத்தனையோ முறை அழுதிருக்கிறாள்.

வசந்தத்தில் பணம் வந்தது, விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்து. சுல்மா கடன்களை அடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சியும் பூசணியும் சோளமும் போட்டுப் பெரிய பானையில் வேகவைத்து எங்களையும் கூப்பிட்டாள்.

எதெல்வினா தட்டைப் பார்த்தாள். "இவ்வளவு கறியா? யாரு வாங்கிக் குடுத்தா?"

"உங்க பணம்தான் அத்தை. மில்லுல நீங்க உழைச்ச பணம்."

"நானா? எந்த மில்லு?"

சுல்மா பக்கத்தில் உட்கார்ந்து கறியைச் சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுத்தபடி சொன்னாள். தறிகள் போட்ட சத்தம், நெஞ்சை அடைத்த கம்பளித் தூசு, வேலைநிறுத்தம், பீப்பாய், போலீஸ் குதிரைகள், கடைசியில் ஜெயித்தது. ஒன்று விடாமல் சொன்னாள். கிழவி மெல்லுவதை நிறுத்திவிட்டு, வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கா" என்றாள் கடைசியில். "பாவம், அந்தப் பொம்பளை."