புடலங்காய் கண்ட தண்ணீர்

1938ஆம் வருஷத்து ஐப்பசியில், நாகமலைக்கு மேற்கே மாயக்காள் தோட்டத்துப் புடலங்காய் ஒன்று வறண்ட கிணற்றுக்குள் இறங்கிப் பாறையைக் குடைய ஆரம்பித்தது. அந்த வாரம் திருப்பரங்குன்றத்தில் கத்திரிக்காய் மலிவு, அவரைக்காய் கிராக்கி. மாயக்காளுக்கு இரண்டையும் விசாரிக்க நேரமில்லை. புருஷன் சிவனாண்டி அந்தக் கிணற்றை வெட்டிக்கொண்டிருந்தபோதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அவளுக்கு மிஞ்சியது பாறைதான். பிள்ளை குட்டி இல்லாதவளுக்குத் தோட்டம் எதற்கு என்று கொழுந்தன் மொக்கையன் புரட்டாசியில் சாவடியைக் கூட்டினான். கார்த்திகை முடிவதற்குள் கிணற்றில் தண்ணீர் கண்டால் தோட்டம் அவளுக்கு, இல்லாவிட்டால் அவனுக்கு என்று ஊர் பேசி முடித்தது. கல்லில் நார் உரிக்கச் சொன்ன கதைதான். சொல்லிவிட்டுப் பெரிய மனிதர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

ஆடியில் ஊன்றிய புடலை, மாடு பூட்டித் தண்ணீர் இறைக்க நட்டுச் சும்மா நின்ற கமலைத் தூண்களின் மேல் போட்ட பந்தலில் படர்ந்து, கிணற்று வாய்க்கு நேரே பிஞ்சு விட்டிருந்தது. பிஞ்சு சுருளாமல் நீள, நுனியில் சின்னக் கல் ஒன்றைக் கட்டிவிடுவது எல்லோரும் செய்வதுதான். சாவடியிலிருந்து வந்த ஆத்திரத்தில் மாயக்காள் அம்மிக் குழவியைத் தூக்கிவந்து கட்டினாள்.

"கூறு கெட்டவளே, இம்புட்டுப் பெரிய கல்லைப் பிஞ்சு தாங்குமாடி?" என்றாள் பக்கத்துத் தோட்டத்து அன்னக்கொடி.

"நான் தாங்கலையா? அதுவும் தாங்கட்டும்க்கா."

தாங்கியது. ஐப்பசி அடைமழை என்பார்கள். அந்த வருஷம் மழை மேலூரோடு திரும்பிக்கொண்டது. கண்மாயில் கிடந்த கலங்கலைக் குடம் குடமாகச் சுமந்து அவரைக்கும் கத்திரி நாற்றுக்கும் ஊற்றினாள் மாயக்காள். தலை வழுக்கையாகிவிடும் என்று அன்னக்கொடி கேலி செய்தாள். காய் மட்டும் நீண்டுகொண்டே போய்க் கிணற்றின் அடியைத் தொட்டது, தொட்டும் நிற்கவில்லை. குழவி பழக்க தோஷத்தில் பாறையை அரைக்கத் தொடங்கியது. பகலெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து மசால் அரைக்கிற சத்தம் வந்தது. மல்லியும் வத்தலும் கமகமவென்று மணத்ததில் வழியோடு போனவர்கள் வீட்டில் குழம்பு சரியில்லை என்று சண்டை போட்டார்கள். ஊர் இதற்கெல்லாம் பழகிவிட்டது. மாயக்காள்தான் நாளுக்குப் பத்துத் தடவை கிணற்றை எட்டிப் பார்த்தாள். தோட்டம் போனால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

கார்த்திகை கடைசி நாளன்று மொக்கையன் ஊரைத் திரட்டிக்கொண்டு அரிவாளோடு வந்தான். எட்டிப் பார்த்தான். கிணற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மொதல்ல இந்தச் சனியனை அறுக்கணும் மதினி. பெறகு வீட்டுக்குப் போயி சட்டி பானையை எடு."

"இந்தா கொழுந்தனாரே! காய் மேல அருவா பட்டுச்சு, நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

பட்டது. அரிவாள் இறங்கிய இடத்திலிருந்து தண்ணீர் பீறிட்டு மொக்கையன் முகத்தில் அடித்தது. தலைப்பாகை பறந்தது, ஆள் பொத்தென்று உட்கார்ந்தான். ஊர்ப் பெரியவர் காசிமாயன் கையை நீட்டி ஏந்திக் குடித்தார்.

"தண்ணிதேன்ப்பா. லேசா மசால் வாடை."

"அது காய்த் தண்ணி! கெணத்துத் தண்ணியா?" என்று மொக்கையன் உட்கார்ந்தபடியே கத்தினான். அவன் வாயை மூடுவதற்குள் காய் அறுந்து விழுந்தது. அது அடைத்திருந்த துளையில் அடியிலிருந்து கொப்பளித்த தண்ணீர், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு மேலே வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டிய வேலை யாருக்கும் இருக்கவில்லை.

"என்ன கொழுந்தனாரே, ஒக்காந்துட்டீக? ஒங்க மாடு ரெண்டையும் ஓட்டியாங்க. கமலை பூட்டணும்."

மொக்கையன் ஓட்டி வந்தான். மாடுகள் முதல் சால் தண்ணீரை இழுத்தன. வாய்க்காலில் ஓடி அவரைப் பாத்தியில் நுழைந்தது. மாயக்காள் சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊர் பார்க்கப் பார்க்க வாய்விட்டு அழுதாள், உடனே சிரித்தாள். தை மாதம் அவள் அவரைக்காய்க்குத் திருப்பரங்குன்றத்தில் நல்ல விலை. அதற்கப்புறம் அந்த வட்டாரத்தில் கிணறு வெட்டிப் பாறை தட்டினால் யாரும் வெடி வைக்கச் சொல்வதில்லை. ஆடி பிறக்கட்டும் என்று காத்திருந்து புடலை ஊன்றுகிறார்கள்.