வலப்பக்கம் மட்டும்

சென்னியப்பன் காலையிலிருந்து வலப்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தார். அந்த மென்பொருளின் வழக்கம் அப்படி. யாரையும் குறை சொல்லிப் பயனில்லை.

அவர் மனைவி பூங்கோதைக்குக் கம்ப்யூட்டர் கேம் செய்யக் கற்றுக்கொள்ள ஆசை. 'விரல்நுனி' என்ற மென்பொருளை வாங்கினாள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கானது. எதையும் மவுஸால் இழுத்து வைத்தால் போதும். முதலில் அது ஒரு கதாநாயகனைக் கேட்டது. பக்கத்தில் கணவர்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இழுத்து வைத்துவிட்டாள்.

திரைக்குள் போனவர் நடந்தார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. சர்க்கரை உடம்பு, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கி விழுவார். பூங்கோதை 'உதவி' பொத்தானை அழுத்தினாள்.

பீரோவைத் திறந்துகொண்டு கம்பெனிக்காரர் வெளியே வந்தார். டை கட்டியிருந்தார்.

"இவரைத் திரும்பி வரச் சொல்லுங்க."

"எடப்பக்கம் இதுல கெடையாதுங்க. சனங்க கொழம்பிருவாங்கன்னு எடுத்துட்டோம்."

"நிக்கவாச்சும் சொல்லுங்க."

"நிக்கறதும் கொழப்பந்தானுங்க."

"அப்புறம் என்னதானுங்க இருக்குது?"

"சுலபமா இருக்குதுங்க."

அவள் விடாமல் நச்சரித்ததும் வல்லுநர் பதிப்பைத் திறந்து காட்டினார். அதில் எல்லாமே இருந்தது. முழங்காலுக்கு ஒரு திருகு, நிழலுக்கு ஒரு திருகு, தும்மலுக்கு ஒரு திருகு. சுவரில் இடம் போதாமல் பாத்திர அலமாரிக்குள்ளும் திருகுகள் முளைத்தன. 'இடது' என்றிருந்ததை நம்பித் திருகினாள். அவருடைய மீசை மட்டும் திரும்பிப் பவானி ஊர்ப் பக்கம் போய்விட்டது.

"அது மீசைக்குங்க. ஆளு திரும்போணும்னா, பூமி உருண்டையா தட்டையான்னு மொதல்ல நீங்க முடிவு பண்ணோணும்."

"சோறு ஆறிட்டிருக்குதுங்க," என்று அதை மூடினாள். கம்பெனிக்காரர் பீரோவுக்குள் திரும்பிப் போனார்.

பூங்கோதை பிடித்தால் விட மாட்டாள். வீட்டையே திரைக்குள் இழுத்து அவருக்கு எதிரில் வைத்தாள். மேசையும் நாற்காலியும் பீரோவும் மட்டும் வெயிலில் மிஞ்சின. அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்து, கொல்லை வழியாக வெளியேறினார். வீட்டைத் தூக்கி மறுபடி எதிரில் வைத்தாள். மறுபடி நுழைந்தார்.

"ஏம்புள்ள, நம்மூடு இத்தன நீளமா?" என்றார். குரல் தளர்ந்திருந்தது. அவளுக்குக் கண் கலங்கியது.

வீட்டையும் வைக்க வேண்டும், சோறும் போட வேண்டும். ஒருத்தி எத்தனைதான் செய்வாள்? வலக்கையைக் கழற்றி மவுஸ் மேல் வைத்தாள். அது மிச்சப் பூங்கோதையை இழுத்துச் சமையலறையில் விட்டது.

அவர் வந்தார். தட்டை அவர் கையில் கொடுத்து, கூடவே நடந்து பரிமாறினாள்.

"எடக்கையிலயா சோறு போடறது?"

"வலக்கை வேலையா இருக்குதுங்க. நடந்துட்டே சாப்புடுங்க."

"எடக்கை இந்தப் பதிப்புல கெடையாதுங்க!" என்று பீரோவிலிருந்து கம்பெனிக்காரர் கத்தினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு வாய் உண்டார். முகம் தெளிந்தது.

"உப்புப் பத்துல," என்றார்.

பூங்கோதைக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"உப்பு அடுத்து வர்ற வீட்டுல இருக்குதுங்க," என்றாள்.