ஏழாவது கை

நாங்கள் கூட்டம் போட்டிருந்த நூலக அறைக்குள் ஹாஸ்கெட் வந்து, கழற்றிய கோட்டை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்திலிருந்த காலி நாற்காலியை நான் காட்டவில்லை. எங்கள் ஓஹையோ பக்கத்தில் சில பள்ளிகளை மட்டும் நிர்வகிக்கும் சின்னப் பள்ளி மாவட்டங்கள் ஏழு ஒன்றாகச் சேர்ந்து மின்சாரம் வாங்குகிறோம். தனியாகப் போனால் எந்த வியாபாரியும் திரும்பிப் பார்க்க மாட்டான். ஏழு பேராகப் போனால் காபி கொடுத்து விலை பேசுவான். புதிதாக ஒருவரைச் சேர்க்க ஏழு கையும் உயர வேண்டும். எங்கள் பள்ளிகளின் வரவுசெலவைப் பார்ப்பவள் நான் என்பதால் அதில் ஒரு கை என்னுடையது.

இந்தக் கூட்டு ஆரம்பித்தபோது, பிச்சைக்காரர்கள் சேர்ந்து கஞ்சி காய்ச்சுகிறார்கள் என்று சிரித்தவர் இதே ஹாஸ்கெட். பெரிய ஊர்ப் பள்ளிகளின் தலைமை அதிகாரி அல்லவா. இப்போது அவருடைய பழைய ஒப்பந்தம் முடிகிறது, புது விலை கழுத்தை நெரிக்கிறது. இன்றைக்கு எங்களோடு சேராவிட்டால் பாட்டு வாத்தியாரையும் மழலை வகுப்பு உதவியாளர்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதானாம். சொல்லும்போது கோட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். எனக்கு இனித்தது. பொய் சொல்வானேன்.

என் கணவர் மெர்ல் அவரிடம்தான் கட்டடப் பராமரிப்பு பார்த்தார். ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில், கரண்ட் மிச்சம் பிடிக்க ஹீட்டரை முழுசாக அணைக்கச் சொன்னார் ஹாஸ்கெட். குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும் என்று மெர்ல் தலைபாடாய் அடித்துக்கொண்டார். வெடித்தது. கூடைப்பந்து அரங்கின் மரத்தளம் அப்பளம்போல் உப்பி எழுந்தது. சர்ச் எரிந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள், அந்தத் தளத்தில் கீறல் விழுந்தால் பொறுக்க மாட்டார்கள். ஹாஸ்கெட் மெர்லைக் கைகாட்டினார். வேலை போனது. மளிகைக் கடையில் தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இப்போதும் ரேடியோவில் கூடைப்பந்து ஆட்டம் வந்தால் மெர்ல் எழுந்து ஷெட்டுக்குப் போய்விடுவார்.

பக்கத்து மாவட்டத்து யோடர் நல்ல மனிதர். ஹாஸ்கெட்டையும் உட்காரவைத்து, கோழி நூடுல்ஸை எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, ஓட்டுக்கு விடலாமா என்று கேட்டார்.

"ஒரே ஒரு கேள்வி," என்றேன். "அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஹீட்டரை அணைக்கச் சொன்னது யாரு?"

ஹாஸ்கெட் தட்டையே பார்த்தார். "அது பழைய கதை, வாண்டா."

"எங்க வீட்ல இன்னும் பழசாகல."

ஹாஸ்கெட் தட்டைத் தள்ளிவைத்தார்.

"நான்தான்," என்றார். "மெர்ல் வேணாம்னுதான் சொன்னாரு. நான் கேக்கல. பழியத் தூக்கி அவர் தலைல போட்டதும் நான்தான்."

இத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கேட்டால் வயிற்றெரிச்சல் அடங்கிவிடும் என்று நம்பியிருந்தேன். அடங்கவில்லை. கரண்ட் விலை ஏறியதால் வெளியே வந்த உண்மை இது. இறங்கியிருந்தால் இந்த மனிதர் சாகும்வரை வாய் திறந்திருக்க மாட்டார்.

யோடர் முதலில் கையைத் தூக்கினார். ஒவ்வொன்றாக ஆறு கைகள் உயர்ந்தன. ஹாஸ்கெட் என்னைப் பார்த்தார்.

"புள்ளைங்கள நெனச்சுப் பாருங்க, வாண்டா," என்றார் யோடர் மெதுவாக.

நினைத்தேன். நினைக்காமல் இல்லை. ஆறு பேரும் கையை இறக்காமல் காத்திருந்தார்கள். நான் முள்கரண்டியை எடுத்து நூடுல்ஸைச் சாப்பிட ஆரம்பித்தேன்.